துணியை எங்கே காயப்போடுவாய்?

2021-இல் டாலஸ் புறநகரில் பதினேழு வருடம் குடியிருந்த வீட்டை விற்றுவிட்டு, இனி ஆர்.வி.யில்தான் (படுக்கை, சமையல், குளியல் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டிவீடு) வாழப்போகிறோம் என்று அறிவித்தபோது ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். மாமனார் பணத்தைப் பற்றிக் கேட்டார். தம்பி கரடி வருமா என்று கேட்டான். கல்லூரியில் படிக்கும் மகனுக்குத் தன் பழைய பெட்டிகளை எந்தக் கிடங்கில் வைப்பது என்பதுதான் கவலை. ஈரோட்டில் இருந்த அம்மா மட்டும், "அது சரி, துணியை எங்கேடி காயப்போடுவாய்?" என்றாள்.

சிரித்துவிட்டேன். "இந்த ஊரில் யாரம்மா காயப்போடுகிறார்கள்? மெஷினே துவைத்து, அதுவே காயவைத்தும் கொடுத்துவிடும்" என்றேன். அந்தச் சிரிப்பின் விலையை முதல் வருடம் முழுக்கத் தவணை முறையில் கட்டினேன்.

எங்களுடையது ஃபிஃப்த் வீல் வகை. பிக்கப் டிரக்கின் முதுகில் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் 34 அடி வண்டி. இரண்டாம் கையாக வாங்கினோம். படுக்கை டிரக்குக்கு மேலே வரும் உயரமான முன்பகுதியில் இருக்கிறது. அதன் பக்கத்து அலமாரிக்குள் துவைத்துக் காயவைக்கும் காம்போ இயந்திரம் ஒன்றை முந்தைய உரிமையாளர் பொருத்தியிருந்தார். விற்பவர் அலமாரிக் கதவைத் திறந்து காட்டியபோது எனக்கு நகைப்பெட்டியைத் திறந்ததுபோல இருந்தது. வண்டியை வாங்குவது என்று நான் முடிவு செய்தது அந்த நிமிடத்தில்தான். அவர் (என் கணவர்) அச்சையும் டயரையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

காம்போ என்றால் ஒரே உருளைக்குள் துவையல், அலசல், பிழிதல், காய்தல் எல்லாம். இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, ஈரக்காற்றை வண்டியின் சுவரில் போட்ட துளை வழியாக வெளியே தள்ளிவிடும். மற்றொன்றுக்குத் துளையே வேண்டாம். ஈரக்காற்றை உள்ளேயே குளிரவைத்துத் தண்ணீராக்கிக் கழிவுக்குழாயில் விட்டுவிடும். எங்களுடையது இரண்டாவது. சுவரில் ஓட்டை இல்லை, நல்லதுதானே என்று நினைத்தோம். அந்தக் காற்றைக் குளிரவைக்க அது குளிர்ந்த தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறது, அதாவது துணியைக் காயவைக்கவே தண்ணீர் செலவழிக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த விதத்தைச் சொல்கிறேன்.

டெக்சஸ் மலைநாட்டில், ஆர்.வி.க்களை நிறுத்தித் தங்குவதற்கான ஒரு பார்க்கில் இருந்தோம். சாயங்காலம் இரண்டு ஜீன்ஸ், நான்கு டர்க்கி டவல், சில்லறைத் துணிகள் போட்டு இயந்திரத்தை ஓடவிட்டேன். ஆர்.வி.யில் கழிப்பறைத் தண்ணீருக்கு பிளாக் டேங்க், குளித்த, துவைத்த தண்ணீருக்கு கிரே டேங்க் என்று தனித்தனி உண்டு. பார்க்கில் கழிவுக்குழாய் மாட்டியிருந்தாலும் இரண்டின் வால்வையும் மூடித்தான் வைப்பார்கள். நிறைந்ததும் முதலில் பிளாக்கைத் திறந்து, பிறகு கிரே தண்ணீரை விட்டுக் குழாயைக் கழுவுவது வழக்கம். நாங்களும் ஒழுக்கமாக மூடிவைத்திருந்தோம். குளியல் பக்கத்து கிரே டேங்க் 40 கேலன், சுமார் 150 லிட்டர். மதியம் இருவரும் குளித்திருந்தோம். இயந்திரம் துவைத்தது, அலசியது, மறுபடி அலசியது, பிறகு காயவைக்கத் தொடங்கி, மணிக்கணக்கில் குளிர்ந்த தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருந்தது.

இரவு பதினொரு மணிக்குக் கால் கழுவப் போனவர் அங்கிருந்தே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சாதாரணமாக அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. போய்ப் பார்த்தால் குளியல் தொட்டியில் கணுக்கால் அளவுக்கு நீலச்சாம்பல் நிறத்தில் தண்ணீர். மேலே பஞ்சும், ஒரு பாப்கார்ன் துணுக்கும் மிதந்துகொண்டிருந்தன. டேங்க் நிறைந்தால் தண்ணீர் இருப்பதிலேயே தாழ்வான வாய் வழியாகத்தான் ஏறும். அந்த வாய் குளியல் தொட்டி. அவர் மழைக்கோட்டும் டார்ச்சுமாக வெளியே போய் வால்வைத் திறந்தார். உள்ளே துணி இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

குற்றம் இயந்திரத்தின்மேல் இல்லை. துவைக்கிற அளவில் பாதியைத்தான் காயவைக்க முடியும் என்று அதன் கையேட்டிலேயே இருந்தது. உருளை நிறையப் போட்டுவிட்டு ஐந்து மணி நேரம் ஆகிறதே என்று நான்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பாதி பாதியாகப் போட்டால் மூன்று மணி நேரம். அப்படியானால் தினமும் போட வேண்டும். தினமும் போட்டால் தினமும் டேங்க் நிறையும்.

அடுத்து மின்சாரம். எங்கள் வண்டி 50 ஆம்பியர் வண்டி. ஆனால் பல பழைய பார்க்குகளில், குறிப்பாக அரசுப் பூங்காக்களில், 30 ஆம்பியர்தான் கிடைக்கும். 120 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்றால் மொத்தம் 3,600 வாட். ஏ.சி. சுமார் 1,500 வாட் எடுக்கும், தண்ணீர் கொதிகலன் 1,400, டிரையர் 1,400. கூட்டிப் பாருங்கள். ஆகஸ்டு மாதத்தில் டவல் காய வேண்டுமா, நாம் வேகாமல் இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒருமித்த பதில் இருந்ததில்லை. 50 ஆம்பியர் என்பது 30-ஐவிடக் கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அதில் 50 ஆம்பியர் கம்பிகள் இரண்டு வருகின்றன, மொத்தம் 12,000 வாட். மூன்று மடங்குக்கும் மேல். வண்டியில் டிரையர் வேண்டும் என்கிறவர்கள் முதலில் இதைத்தான் கவனிக்க வேண்டும். இயந்திரத்தின் பிராண்டு எல்லாம் பிறகுதான்.

அதோடு குலுக்கல். வண்டி மட்டமாக நிற்காவிட்டால் 1,200 சுற்றில் பிழியும்போது படுக்கையறையே ஆடும். ஒரு தடவை பக்கத்து வண்டிக்காரர் கதவைத் தட்டி, எல்லாம் சரிதானே என்று விசாரித்தார். மட்டப்பலகையை வைத்துப் பார்க்காமல் அந்த இயந்திரத்தின் பொத்தானை அழுத்துவதில்லை என்று ஆனது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது டெக்சஸில் லிவிங்ஸ்டன் என்ற சிற்றூருக்குப் போனோம். முழுநேர ஆர்.வி. மக்களுக்கு அது ஒரு தலைநகரம் மாதிரி. 1978-இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் சங்கத்தின் இருப்பிடம் அங்கேதான். வீடே இல்லாத எங்களைப் போன்றவர்களின் கடிதங்களை வாங்கி, நாங்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைக்கிறார்கள். எங்கள் ஓட்டுநர் உரிமத்தில் இருப்பதும் அந்த ஊர் முகவரிதான். பல வருடமாகச் சக்கரத்தின் மேலேயே வாழ்கிறவர்களை அங்கே வரிசையாகப் பார்க்கலாம். நான் துவையல் ஆராய்ச்சியில் இறங்கினேன். யாரைப் பார்த்தாலும் என்ன இயந்திரம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு அம்மாள், எழுபதைத் தாண்டியவர், பதில் சொல்லாமல் என்னைத் திருப்பிக் கேட்டார்: "வருடத்தில் எத்தனை இரவு ஹூக்கப்பில் தூங்குகிறீர்கள்?"

தண்ணீர்க்குழாய், கரண்டு, கழிவுக்குழாய் மூன்றும் இணைத்த இடத்தில் எத்தனை இரவு என்று அர்த்தம். நாட்குறிப்பைப் புரட்டி எண்ணினேன். பாதிகூட இல்லை. குளிர்காலம் முழுக்க அரிசோனா பாலைவனத்தில், அரசு நிலத்தில், எதுவும் இணைக்காமல் கிடக்கிறோம். கூரையில் சோலார், கீழே 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி இரண்டு. இரண்டும் சேர்ந்து முழுக்க நிறைந்திருந்தாலே இரண்டரை யூனிட் மின்சாரம்தான். அந்த காம்போ ஒரு ஈடு துணியைக் காயவைக்க மூன்றரை யூனிட் கேட்கும். நல்ல தண்ணீர் டேங்க் 60 கேலன். அதில் குடித்து, சமைத்து, குளித்து, பத்து நாள் ஓட்ட வேண்டும். அதாவது வருடத்தில் பாதி நாள் 68 கிலோ எடையுள்ள ஒரு துணி அலமாரியை மலையும் மேடுமாக இழுத்துக்கொண்டு அலைந்திருக்கிறோம்.

அவருக்கு வேறு யோசனை இருந்தது. துவைக்க ஒன்று, காயவைக்க ஒன்று என ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் ஜோடி இயந்திரம். ஈரக்காற்றை வெளியே தள்ளும் நல்ல டிரையர், 120 வோல்ட்டிலேயே ஓடக்கூடியது. ஒன்று காயும்போதே அடுத்த ஈடு துவையலாகிவிடும். நியாயமான யோசனை. குழந்தைகளோடு, 50 ஆம்பியர் பார்க்கிலேயே மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன், யோசிக்கவே வேண்டாம். எங்கள் அலமாரியின் உள்ளளவும் போதுமானதாக இருந்தது. ஆனால் படுக்கையறைக்குப் போகும் இடைகழி திரும்புகிற இடத்தில் டேப் வைத்துப் பார்த்தால் இயந்திரத்தைவிட இரண்டு அங்குலம் குறைவு. பக்கவாட்டு ஜன்னலைக் கழற்றி உள்ளே ஏற்றலாம் என்று கடையில் சொன்னார்கள். ஜன்னலைக் கழற்ற வேண்டும் என்ற இடத்தில் நான் எழுந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள், காசு போட்டுத் துவைக்கும் லாண்டிரோமேட் கடையில் உட்கார்ந்து கண்ணாடிக்குள் சுழலும் துணியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது. துவைப்பது பிரச்சினையே இல்லை. பக்கெட்டில் ஊறவைத்துக் கும்மினால்கூட அழுக்கு போய்விடும். துணிக்குள் மிச்சமிருக்கும் தண்ணீர்தான் பிரச்சினை. அதை வெப்பத்தால் விரட்ட மூன்றரை யூனிட் ஆகிறது. சுழற்றி விரட்டினால்?

அந்த வாரமே தனியாகப் பிழிய மட்டும் உள்ள ஒரு இயந்திரம் வாங்கினேன். ஸ்பின் டிரையர் என்று பெயர். டிரையர் என்று ஏன் பெயர் வைத்தார்கள் தெரியவில்லை, சூடே கிடையாது. முழங்கால் உயரம், குடத்தைவிடக் கொஞ்சம் அகலம். நிமிடத்துக்கு 3,200 சுற்று. காம்போ 1,200 சுற்றில் பிழிந்து முடித்த துணியை எடுத்து இதில் போட்டேன். துணியைக் கும்பலாகத் திணிக்கக் கூடாது. சுவரை ஒட்டி வட்டமாக அடுக்கி, மேலே வட்டத் தகட்டை வைத்து அமுக்க வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரம் தானாக நடக்கத் தொடங்கிவிடும். மூடியை மூடினேன். விமானம் கிளம்புவதுபோல ஒரு சத்தம் ஏறி நின்றது. முன்னால் இருந்த மூக்கிலிருந்து முதலில் நூல்போல, பிறகு தாரையாகத் தண்ணீர். கீழே வைத்திருந்த அளவுக்குவளையில் பார்த்தால் முக்கால் லிட்டர். "பிழிந்துவிட்டேன்" என்று காம்போ சொன்ன துணியில் இருந்து முக்கால் லிட்டர்! மூன்று நிமிடத்தில். அதற்குச் செலவான மின்சாரம் ஒரு பல்பை இரண்டு மணி நேரம் எரியவிட்டதற்குக் கூட வராது.

அவர் இயந்திரப் பொறியாளர், சும்மா இருப்பாரா? சுற்று எண்ணிக்கையை மட்டும் பார்க்கக் கூடாது, உருளை சிறியதாக இருந்தால் விசை குறையும் என்று காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். சுற்று இரண்டு மடங்குக்கு மேல், ஆனால் உருளையின் அகலம் பாதிக்கும் குறைவு. ஆக விசை மூன்று மடங்கு என்று முடித்தார். ஜோடி இயந்திரத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வாரம் பேசவில்லை.

காம்போவை இறக்கியது தனிக்கதை. படுக்கையறையில் இருந்து மூன்று படி, வாசலில் இன்னும் நான்கு படி. தோளில் போடும் பட்டைகளை யாரோ கொடுத்தார்கள், பக்கத்து வண்டியில் இருந்து இருவர் வந்தார்கள், நான் சமோசா போட்டேன். அன்றே அந்தப் பார்க்கில் இருந்த ஒருவர் அதை வாங்கிக்கொண்டார். அவருக்கு வருடம் முழுக்க ஹூக்கப். இன்றும் நன்றாக ஓடுகிறதாம்.

அதன் இடத்தில் துவைக்க வாங்கியது எது தெரியுமா? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் ஊர் வீடுகளில் செமி ஆட்டோமேட்டிக் என்று இரண்டு தொட்டி இயந்திரம் இருக்குமே, அதன் இடது பாதி. துவைக்கும் தொட்டி மட்டும். பத்து கிலோ எடை, திருகினால் கிர்ரென்று ஓடும் டைமர், கீழே ஒரு கழிவுக்குழாய். அதைக் குளியல் தொட்டிக்குள்ளேயே வைத்துவிடுவேன். தண்ணீரை வெளியேற்ற பம்பு வேண்டாம், குழாயைக் கீழே போட்டால் போதும். பனி விழும் ஊருக்குப் போனால் காம்போவின் குடலில் மிஞ்சிய தண்ணீர் உறையாமல் இருக்க அந்த இளஞ்சிவப்பு உறைதடுப்பு திரவத்தை ஊற்றி ஓட்ட வேண்டும். இதைக் கவிழ்த்து வைத்தால் வேலை முடிந்தது.

வீடியோவில் இதைக் காட்டியபோது அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன்னிடம் இருந்ததைப் பதினைந்து வருடத்துக்கு முன்பே பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டாள். ஆனால் பாலைவனத்தில் தண்ணீரைச் சிக்கனப்படுத்தும் வித்தை அவளிடமிருந்து வந்ததுதான்: ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளை, அடுத்து கலர், கடைசியில் மிதியடியும் கரித்துணியும். தானியங்கி இயந்திரத்தில் இதைச் செய்ய முடியாது, அது தன் தண்ணீரைத் தானே கொட்டிவிடும். காம்போவில் ஒரு ஈட்டுக்குப் போன அறுபது லிட்டரில் இப்போது மூன்று ஈடு முடிகிறது.

காய்வதற்கு? ஜனவரியில் அரிசோனாவின் குவார்ட்சைட் பக்கம் காற்றில் ஈரமே கிடையாது. பிழிந்த சட்டை கொடியில் அரைமணி நேரம்தான். ஆனால் மெக்சிகோ வளைகுடாவின் ஃப்ளோரிடா கரையில் தங்கிய மாதம் எதுவும் காயவில்லை. உள்ளேயே கொடி கட்டிக் காயவைத்தால் துணியில் இருந்த தண்ணீர் ஜன்னல் கண்ணாடியில் வியர்த்து, மெத்தைக்கு அடியில் போய்ப் பூஞ்சையாக முளைக்கும். கூரை விசிறியை வெளியே இழுக்கும்படி ஓடவிட்டு, எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் தப்பிக்கலாம். அதுவும் அங்கே போதவில்லை, லாண்டிரோமேட்டுக்குத்தான் ஓடினேன்.

கொடி கட்ட எல்லா இடத்திலும் விடவும் மாட்டார்கள். பல பார்க்குகளில் விதிமுறைத் தாளிலேயே துணிக்கொடி கூடாது என்று அச்சிட்டிருக்கும். ஒரு இடத்தில் மேலாளர் கோல்ஃப் வண்டியில் வந்து இறங்கி, மிக மரியாதையாக, என் இரண்டு தலையணை உறைகளையும் எடுத்துவிடச் சொன்னார். எதிர்வரிசையில் ஒருவர் ஆளுயர பிளாஸ்டிக் ஃபிளமிங்கோ பறவைகளை வரிசையாக நட்டுவைத்திருந்தார். அது அழகாம், என் தலையணை உறை அசிங்கமாம். வெயிலில் துணி காய்வதைப் பார்த்தால் சொத்தின் மதிப்பு குறைந்துவிடும் என்று நம்பும் ஒரு தேசத்தோடு இருபது வருடமாக வாழ்கிறேன், இன்னும் பழகவில்லை. இப்போதெல்லாம் அப்படிப்பட்ட இடங்களில் டிரக்கின் பின்னிருக்கையில் குறுக்கே ஒரு கம்பி மாட்டி, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவைத்து, வெயிலில் நிறுத்திவிடுகிறோம். அதைவிட நல்ல டிரையரை நான் பார்த்ததில்லை. விதிமுறைத் தாளிலும் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

இயந்திரத்தைவிட அதிகம் உதவிய மாற்றம் ஒன்று உண்டு. டர்க்கி டவல்களை எல்லாம் தானம் கொடுத்துவிட்டு, ஈரோட்டிலிருந்து ஒரு டஜன் ஈரிழைத் துண்டு வரவழைத்தேன். கனத்த போர்வை போய், சென்னிமலைப் போர்வை வந்தது. மூன்று டர்க்கி டவலுக்குப் பிழிகருவி நிறைந்துவிடும். ஈரிழைத் துண்டு பன்னிரண்டும் ஒரே ஈட்டில் அடங்குகின்றன. கைப்பிடியில் போட்டால் காபி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். ஜீன்ஸை அவர் விடவில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

மாதத்துக்கு ஒருமுறை லாண்டிரோமேட் இன்னும் உண்டு: மெத்தை விரிப்பு, ரஜாய், யூட்டாவில் மோவாப் செம்மண்ணில் புரண்டு வந்த எல்லாமும். கால் டாலர் காசுகளைச் சேர்க்கவே ஊறுகாய் பாட்டில் ஒன்று டிரக்கில் இருக்கிறது. "குவார்ட்டர் தீர்ந்துவிட்டது, வங்கியில் வாங்கி வாருங்கள்" என்று நான் சொன்னதை வீடியோவில் கேட்ட தம்பி, அந்த நாட்டில் வங்கியிலேயே கிடைக்கிறதா என்று கேட்டான்.

காம்போ இருந்த அலமாரியில் இப்போது 110 வோல்ட் கிரைண்டரும், இருபது பவுண்டு அரிசி மூட்டையும், மேல் தட்டில் அவருடைய ஜீன்ஸும் இருக்கின்றன. சுவரில் இருந்த சூடு, குளிர் குழாய் இரண்டுக்கும் மூடி போட்டிருக்கிறோம், அறுக்கவில்லை. என்றாவது இந்த வண்டியை விற்றால், வாங்குகிறவர்களுக்குக் கைக்குழந்தை இருக்கலாம்.